பார்ட்னர் தேடுறீங்களா? பத்திரத்துக்கு முன்னாடி ஒரு ஆர்டரைச் சேர்ந்து முடிங்க!

துப்பாக்கி சுடுதல் உபகரணம் தயாரிக்கும் சிறு தொழில்முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். வெளிநாட்டு கன் பேக் விலையைக் கேட்டதும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. கெட்டியான துணி, உள்ளே ஃபோம், நல்ல ஜிப் வாங்கி ஒரு பை தைத்துக் கொடுக்கிறார். ரேஞ்சில் பார்த்த மற்ற பெற்றோர், "எங்களுக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்கிறார்கள்.

மூன்று வருடத்தில் நான்கு மெஷின், இரண்டு பெண்கள் வேலைக்கு. பை, கையுறை, பெல்லட் டப்பாவுக்கு உறை என்று மாதாமாதம் ஆர்டர் வருகிறது. அடுத்து ஷூட்டிங் ஜாக்கெட் தைக்கலாம் என்று ஆசை. அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், விஷயம் தெரிந்தவர் வேண்டும்.

அப்போதுதான் ரேஞ்சுக்கு மகனைக் கூட்டி வரும் இன்னொரு அப்பா சொல்கிறார்... "அக்கா, பணம் நான் போட்டுக்கறேனுங்க. வேலையை நீங்க பாத்துக்குங்க. ஃபிஃப்டி - ஃபிஃப்டி!"

தலையாட்டலாமா, கூடாதா?

இந்தக் கதை கற்பனை. இந்தக் கேள்வி, சிறு தொழில் செய்கிற பலருக்கும் ஒருநாள் வரும் நிஜக் கேள்வி. அதிலும் துப்பாக்கி சுடுதல் உபகரணத் தொழிலில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இது ரொம்பச் சின்ன உலகம். வாங்குகிறவர், விற்கிறவர், கோச், போட்டி நடத்துகிறவர் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள். பார்ட்னரோடு மனஸ்தாபம் என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரேஞ்ச் முழுக்கத் தெரிந்துவிடும்.

என்ன தொழில் இது?

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதிலிருந்து இந்த விளையாட்டின் மீது பெற்றோரின் கவனம் திரும்பியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியாவுக்கு மூன்று வெண்கலம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் ஆகியோரும் பாரிஸ் சென்ற இந்திய அணியில் இருந்தார்கள்.

போட்டித் தரத்தில் உள்ள துப்பாக்கிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அதைச் செய்வது சிறு தொழில் வேலை இல்லை. ஆனால், துப்பாக்கியைச் சுற்றி ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. ஜாக்கெட், பேன்ட், கையுறை, ஷூ, முழங்காலிட்டுச் சுடும்போது காலுக்கு அடியில் வைக்கும் நீலிங் ரோல், ஸ்லிங் பெல்ட், ஒரு கண்ணை மறைக்கும் பிளைண்டர், கன் பேக், ஸ்டாண்டு... தையல், தோல் வேலை, லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே இடமுண்டு.

இதை ஏதோ பை தைக்கிற தொழில் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப் ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்திருக்கிறது. நெடுநாளாக இருக்கும் விதிப்படி ஜாக்கெட் துணியின் தடிமன் ஒற்றையாக 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கையுறை, உள்ளங்கையும் புறங்கையும் சேர்த்து 12 மில்லிமீட்டர். நீலிங் ரோல் 25 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் விட்டம். ஜாக்கெட் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பதற்குக்கூட தனிக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், தைக்கும் முன்பு நடப்பு விதிப்புத்தகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

சுட்டு முடித்த பிறகும் சோதனை நடக்கும். அதில் ஜாக்கெட் தேறாவிட்டால், சுட்ட பிள்ளை தகுதி நீக்கம். பயிற்சிக்காகக் காலையில் 5 மணிக்கு எழுந்த ஒரு குழந்தையின் ஒரு வருட உழைப்பு, நீங்கள் வாங்கிய துணி அரை மில்லிமீட்டர் தடித்துப் போனதால் வீணாகலாம். 'கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன' என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்குப் பார்ட்னராக ஆகவே ஆகாது.

முதல் கேள்வி: பார்ட்னர் தேவையா?

பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து, 'யார் பார்ட்னர்?' என்பதற்குப் போய்விடுகிறார்கள். ஒரு தாளை எடுங்கள். உங்களிடம் இல்லாதவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?' என்று எழுதுங்கள்.

தைக்க ஆள் போதவில்லையா? ஜாப் ஒர்க் கொடுக்கலாம். விற்க ஆள் இல்லையா? டீலருக்குக் கமிஷன் கொடுக்கலாம். விதிகள் தெரியவில்லையா? ஓய்வுபெற்ற ஒரு ஷூட்டரிடம் மாதிரியைக் காட்டி, பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் கொடுக்கலாம்.

பணம்தான் இல்லையா? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒரு கணக்கு போடுவோம். ஜாக்கெட் தைக்க ரூ.4 லட்சம் தேவை. 12% வட்டிக்கு வங்கிக் கடன் வாங்கினால் முதல் வருட வட்டி ரூ.48,000-க்குள் அடங்கிவிடும். அசலைக் கட்டக் கட்ட வட்டியும் குறையும், ஒருநாள் கடன் தீரும். அதே ரூ.4 லட்சத்துக்காக ஒருவரைப் பாதிப் பங்குக்குச் சேர்த்தால், வருட லாபம் ரூ.6 லட்சம் வரும்போது அவருக்கு ரூ.3 லட்சம். அடுத்த வருடமும் பாதி. அதற்கடுத்த வருடமும் பாதி!

நஷ்டம் வந்தால் பார்ட்னரும் தாங்குவார், வங்கி தாங்காது என்பது உண்மைதான். அந்தப் பாதுகாப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். முத்ரா போன்ற கடன் திட்டங்கள் இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்கள் பற்றிச் சொல்வார்கள். அங்கெல்லாம் ஒரு நடை போய்விட்டு வந்து, பிறகு பார்ட்னரைப் பற்றி யோசிக்கலாம்.

அப்படியானால் பார்ட்னர் எப்போது தேவை? உங்களிடம் இல்லாத ஒரு திறமை, தினமும் தேவைப்படுகிறது. சம்பளத்துக்கு வருகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நஷ்டம் வந்தாலும் ராத்திரி உங்களோடு உட்கார்ந்து யோசிக்க ஒருவர் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் தேடலாம்.

யாரைத் தேடுவது?

உங்களைப் போலவே இன்னொருவரைச் சேர்க்காதீர்கள். தைக்கத் தெரிந்த இருவர் சேர்ந்தால், நூல் நிறத்துக்குக்கூட சண்டை வரும். விற்கத்தான் ஆள் இருக்காது. இந்தத் தொழிலுக்கு மூன்று கால்கள். விளையாட்டும் விதியும் தெரிந்தவர். பொருளைச் செய்யத் தெரிந்தவர். விற்று, காசு வசூலிக்கத் தெரிந்தவர். உங்களிடம் எந்தக் கால் இல்லையோ, அதைத் தேடுங்கள்.

நம் கோவை அம்மாவுக்குச் செய்யத் தெரியும். ஓரளவு விற்கவும் தெரியும். ஜாக்கெட் விதிகளும், உடம்பு அளவெடுக்கும் நுணுக்கமும்தான் தெரியாது. 'பணம் போடுறேன்' என்று சொன்ன அந்த அப்பாவிடம் இவை இருக்கின்றனவா? இல்லையென்றால், அவரிடம் வாங்க வேண்டியது கடன். பார்ட்னர்ஷிப் இல்லை.

கோச்சையே பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டால்? முதல் பார்வையில் பிரமாதமான யோசனை. விதி தெரியும், வாடிக்கையாளர் கையிலேயே இருக்கிறார்கள். ஆனால் கோச், 'இந்த ஜாக்கெட் வாங்குங்க' என்றால் பெற்றோரால் மறுக்க முடியாது. லாபத்தில் அவருக்குப் பங்கு இருப்பது பின்னால் தெரியவந்தால், 'நம்ம தலையில கட்டிட்டாங்க' என்று பேச்சு வரும். கோச்சைச் சேர்ப்பதென்றால், அவருக்குப் பங்கு இருப்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவருடைய கிளப்பிலோ, சங்கத்திலோ இதற்கு அனுமதி உண்டா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

எங்கே தேடுவது?

தூரத்தில் தேட வேண்டாம். உங்கள் பில் புத்தகத்தைப் புரட்டுங்கள். சொன்ன தேதியில் சரக்கு அனுப்பும் தோல் வியாபாரி, கேட்காமலேயே பாக்கியைக் கட்டும் டீலர், 'இந்தத் தோள்பட்டை தையல் சரியில்லை, இப்படி மாத்திப் பாருங்க' என்று காரணத்தோடு குறை சொல்லும் வாடிக்கையாளர்... இவர்களோடு ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. புதிதாக ஒருவரைப் பரிசோதிப்பதைவிட இது பாதி வேலை மிச்சம்.

அதற்கு அடுத்து, மாவட்ட, மாநிலப் போட்டிகள். போட்டியை விட்டு விலகிய இளம் ஷூட்டர்கள் பலர் இந்த உலகத்தை விட்டுப் போக மனமில்லாமல் இருப்பார்கள். தோல் வேலைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம், துணிக்குத் திருப்பூர், சின்ன உலோக பாகங்களுக்குக் கோவை லேத் பட்டறைகள். நம்மூரில் இவ்வளவும் ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கின்றன.

மச்சான், சித்தப்பா மகன் என்று உறவில் தேடலாமா? தேடலாம். ஆனால், 'வெளியாளாக இருந்தால் இவரைச் சேர்ப்பேனா?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் 'இல்லை' என்றால், உறவு என்பதற்காகச் சேர்க்காதீர்கள். பார்ட்னர்ஷிப் முறிந்தால் விலகிவிடலாம். உறவு முறிந்தால் தீபாவளி, கல்யாணம் எல்லாவற்றிலும் அது வந்து நிற்கும்.

கூச்சப்படாமல் கேளுங்க

பெண் பார்க்கப் போகும்போது நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். பார்ட்னர் விஷயத்தில் மட்டும், 'கேட்டால் தப்பா நினைப்பாரோ' என்று தயங்குகிறோம். கேட்க வேண்டியவை இவை.

வேறு என்ன தொழில் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு கடன்? யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா? செக் பவுன்ஸ் வழக்கு உண்டா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்குத் தருவீர்கள்? இரண்டு வருடம் ஒரு பைசா எடுக்க முடியாமல் போனால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீர்கள்? நீங்கள் போடும் பணம் யாருடையது? வீட்டில் துணைவருக்கு இது தெரியுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மனைவிக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம், முதல் நெருக்கடியிலேயே திரும்பக் கேட்கப்படும்.

அதேபோல் உங்கள் கணக்கையும் அவரிடம் காட்டுங்கள். ஜி.எஸ்.டி தாக்கல், வங்கி ஸ்டேட்மென்ட், வசூலாகாத பாக்கி, விற்காமல் கிடக்கும் ஸ்டாக். மறைத்தால், பின்னால் தெரியும்போது நீங்கள்தான் குற்றவாளி.

சேர்ந்து ஒரு ஆர்டர்!

பத்திரம் எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆர்டரைச் சேர்ந்து முடியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பள்ளிக்கு 40 கன் பேக். யார் என்ன செய்வது, எந்தத் தேதி, யாருக்கு எவ்வளவு தொகை என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைக் காலத்தில் 'லாபத்தில் பாதி' என்று எழுதாதீர்கள். சேர்ந்து தொழில் நடத்தி லாபத்தைப் பகிர்ந்தால், பத்திரம் இல்லாமலேயே அது கூட்டாண்மை என்று வாதிட இடம் இருக்கிறது. ஒரு பைக்கு இவ்வளவு கூலி, அல்லது விற்பனையில் இவ்வளவு கமிஷன் என்று தொகையாக எழுதுங்கள்.

இனி வேடிக்கை பாருங்கள். ஜிப் வரத் தாமதமாகும். ஆறு பையில் தையல் பிசகும். பள்ளிக்கூடம் பணத்தை இழுத்தடிக்கும். அப்போது அவர் போனை எடுக்கிறாரா? பிசகிய ஆறு பையையும் பிரித்துத் தைக்கச் சொல்கிறாரா, 'யாரு பாக்கப் போறாங்க, அனுப்பிருங்க' என்கிறாரா? செலவுக் கணக்கை ரசீதோடு தருகிறாரா, 'ஒரு ரெண்டாயிரம் ஆச்சு' என்று வாயால் சொல்கிறாரா? பத்து மீட்டிங்கில் தெரியாதது இந்த ஒரு ஆர்டரில் தெரிந்துவிடும். அவருக்கும் உங்களைப் பற்றித் தெரியும்.

எழுதாததை சட்டம் எழுதும்

சோதனை தேறிவிட்டது. இனி ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் பார்க்கும் நேரம். சாதாரணக் கூட்டாண்மைக்கு 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். நீங்கள் பேசி முடிவு செய்யாத விஷயங்களில் அந்தச் சட்டம் சொல்வதுதான் நடக்கும்.

நீங்கள் ரூ.8 லட்சம், அவர் ரூ.2 லட்சம் போட்டிருந்தாலும், வேறு உடன்பாடு இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரி பாதி! நீங்கள் பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருந்தாலும், உடன்பாடு இல்லையென்றால் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது. மூலதனத்துக்கு மேல் நிறுவனத்துக்குக் கைப்பணம் கொடுத்திருந்தால், அதற்கு வருடம் 6% வட்டிதான்.

இன்னும் முக்கியமானது, கடன் பொறுப்பு. நிறுவனத்தின் தொழிலுக்காகப் பார்ட்னர் போடும் கையெழுத்து உங்களையும் கட்டும். நிறுவனத்தின் கடனுக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. அவரிடம் இல்லையென்றால், முழுத் தொகைக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம்.

நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால், பதிவு செய்யாத நிறுவனம், பணம் தராத டீலர் மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்கு போட முடியாது. தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்யலாம். செலவைப் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள்.

சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், 2008-ம் ஆண்டுச் சட்டப்படி எல்.எல்.பி தொடங்கலாம். இதில் பொதுவாக உங்கள் பொறுப்பு நீங்கள் ஒப்புக்கொண்ட முதலீட்டோடு நிற்கும். பதிலுக்கு, தொழில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருடாவருடம் படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கடன் வாங்கும்போது தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் கையெழுத்து போட்டால், அந்தக் கடன் அளவுக்கு வீடு மறுபடி ஆபத்தில்தான்.

பத்திரத்தில் இவை கட்டாயம்

முதலீடு எவ்வளவு, கடனாகக் கொடுத்தது எவ்வளவு என்பதைப் பிரித்து எழுதுங்கள். யாருக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எவ்வளவு தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து என்பதையும்.

அடுத்து, பிராண்ட் பெயரும் கட்டிங் பேட்டர்னும் யாருக்குச் சொந்தம்? ஜாக்கெட் தொழிலில் உண்மையான சொத்து மெஷின் இல்லை, இந்தப் பேட்டர்ன்தான். பல உடம்புகளுக்குத் தைத்துத் திருத்தி வந்த அளவுகள் அவை. பிரியும்போது பெரிய சண்டை இதற்குத்தான் வரும்.

இந்தத் தொழிலுக்கே உரிய இன்னொரு வரியும் வேண்டும்: எந்தப் பொருளைத் தொடவே மாட்டோம் என்பது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். சத்தத்தையோ, சுடும்போது வரும் ஒளியையோ குறைக்கும் துணைக்கருவியையும் சட்டம் துப்பாக்கியாகவே பார்க்கிறது. பையும் கையுறையும் தைக்கும் வரை கவலையில்லை. பார்ட்னர் ஒருநாள், 'சைலன்சருக்கு நல்ல டிமாண்டுங்க, நம்ம லேத்துக்காரர்கிட்ட செஞ்சு வித்துரலாம்' என்று கிளம்பினால், போலீஸ் உங்களையும் தேடி வரும். புதுப் பொருள் எதுவானாலும் வழக்கறிஞரின் எழுத்துக் கருத்தும் இருவர் சம்மதமும் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

கடைசியாக, பிரிவது எப்படி? கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே விவாகரத்தா என்று தோன்றும். ஆனால் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் இதை நியாயமாக எழுத முடியும். ஒருவர் விலகினால் எத்தனை மாத நோட்டீஸ், பங்கின் மதிப்பை யார் கணக்கிடுவது, பணத்தை எத்தனை தவணையில் தருவது, ஒருவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு என்ன, விலகியவர் எவ்வளவு காலம், எந்தப் பகுதியில் அதே தொழில் செய்யக் கூடாது... எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒரு பார்ட்னரின் மரணத்தோடு நிறுவனமே கலைந்துவிடும் என்கிறது சட்டம்.

அந்த அம்மா என்ன சொல்லலாம்?

ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் ஊரில், மவுசர் ஆலையில் வேலை பார்த்த இரண்டு இன்ஜினீயர்கள் சேர்ந்து தொடங்கியதுதான், இன்று ஏர் ரைஃபிள் உலகில் எல்லோரும் அறிந்த ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம். வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற அந்த இருவரின் பெயரும் நிறுவனத்தின் பெயரோடு நிலைத்துவிட்டது. ஒரே ஆலையில் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்தவர்கள் அவர்கள்.

நம் அம்மாவும் உடனே தலையாட்ட வேண்டியதில்லை, முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டியதில்லை. "ரொம்ப நன்றிங்க. முதல்ல இந்த 40 பை ஆர்டரை ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சுப் பாப்போம். சரியா வந்தா மேற்கொண்டு பேசலாம்" என்று சொல்லலாம். நல்ல மனிதர் என்றால், இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். கோபப்பட்டால், அதுவே பதில்.

ஆர்டர் சரியாக வராவிட்டால் நஷ்டம் சில ஆயிரம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து லேனில் நின்று சுடுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இருவரும் ஒரே ஃபிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.